முதலாளி ஆன விமானிகள்: யுனைடெட் ஏர்லைன்ஸ் கதை

2008 செப்டம்பர் 8, திங்கட்கிழமை. அமெரிக்கப் பங்குச் சந்தையில் காலை 11 மணி வாக்கில் யுனைடெட் ஏர்லைன்ஸின் பங்கு தடாலென்று விழுந்தது. 12 டாலர் அளவில் விற்றுக்கொண்டிருந்த பங்கு சில நிமிடங்களில் 3 டாலருக்கு வந்துவிட்டது. நாஸ்டாக் வர்த்தகத்தையே நிறுத்தி வைத்தது.

காரணம் என்ன? "யுனைடெட் திவால் மனு தாக்கல் செய்தது" என்று ஒரு செய்தி இணையத்தில் பரவியிருந்தது. செய்தி உண்மைதான். ஆனால் அது 2002 டிசம்பரில் வந்த செய்தி! ஒரு பத்திரிகையின் இணையதளத்தில் தேதி இல்லாமல் கிடந்த பழைய கட்டுரையைக் கூகுளின் தேடல் எந்திரம் புதுச் செய்தி என்று எடுத்துக்கொண்டது. அங்கிருந்து அது முதலீட்டாளர்களின் திரைகளுக்குப் போய்ச் சேர்ந்தது. உண்மை தெரிந்ததும் பங்கு மறுபடி ஏறி, மாலையில் 11 டாலருக்குச் சற்றுக் கீழே முடிந்தது.

இதைச் சிரித்துவிட்டு விட்டுவிடலாம். ஆனால் ஒரு கேள்வி மிஞ்சுகிறது. ஆறு வருடப் பழைய செய்தியை இத்தனை பேர் ஒரு நொடியும் யோசிக்காமல் நம்பியது ஏன்? அந்த வருடம் எண்ணெய் விலை இருந்த இருப்பில், ஒரு விமான கம்பெனி திவாலாவது யாருக்கும் ஆச்சரியமான செய்தியாக இல்லை என்பதுதான் பதில். அந்தப் பயத்தை மற்ற எல்லோரையும்விட அதிகமாக அனுபவித்தவர்கள் யுனைடெட்டின் விமானிகள். ஒரு காலத்தில் அந்தக் கம்பெனியின் பெரிய முதலாளிகளாக இருந்தவர்களும் அவர்களேதான்.

அவர்கள் முதலாளி ஆனது எப்படி, பிறகு எல்லாவற்றையும் இழந்தது எப்படி என்பதுதான் இந்தக் கட்டுரை.

1978-க்கு முன், 1978-க்குப் பின்

1978 வரை அமெரிக்காவில் விமானக் கட்டணத்தை அரசாங்க வாரியம் ஒன்றுதான் நிர்ணயித்தது. எந்த ஊரிலிருந்து எந்த ஊருக்கு யார் பறக்கலாம் என்பதையும் அதுவே சொல்லும். பெட்ரோல் செலவு கூடினாலும் சம்பளச் செலவு கூடினாலும், கணக்கைக் காட்டிக் கட்டணத்தை உயர்த்திக்கொள்ளலாம். அதனால் விமானிகள் சங்கம் சம்பள உயர்வு கேட்டால் கம்பெனிகளும் பெரிதாக முரண்டு பிடிக்கவில்லை. கடைசியில் கொடுக்கப்போவது பயணிதானே!

1978 அக்டோபரில் அதிபர் ஜிம்மி கார்ட்டர் விமானத் தொழிலின் கட்டுப்பாடுகளை நீக்கும் சட்டத்தில் கையெழுத்திட்டார். யார் வேண்டுமானாலும் எந்த வழியிலும் பறக்கலாம், எந்தக் கட்டணமும் வைக்கலாம் என்று ஆனது. பயணிகளுக்குக் கொண்டாட்டம். டிக்கெட் விலை குறைந்தது, புதுக் கம்பெனிகள் முளைத்தன. பழைய கம்பெனிகளுக்குத் திண்டாட்டம்.

1983 செப்டம்பரில் காண்டினென்டல் ஏர்லைன்ஸின் தலைவர் ஃபிராங்க் லொரென்ஸோ ஒரு காரியம் செய்தார். கையில் பணம் இருக்கும்போதே திவால் மனு போட்டார். நோக்கம், தொழிற்சங்கங்களோடு போட்டிருந்த ஒப்பந்தங்களைக் கிழித்துப் போடுவது. சுமார் 12,000 பேரை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, மூன்றில் ஒரு பங்குப் பேரை மட்டும் பாதிச் சம்பளத்துக்குத் திரும்பக் கூப்பிட்டார்.

இதனால் எழுந்த கூச்சலில் 1984-இல் அமெரிக்க நாடாளுமன்றம் திவால் சட்டத்தில் 1113-ஆவது பிரிவைச் சேர்த்தது. இதன்படி கம்பெனி தன் இஷ்டத்துக்கு ஒப்பந்தத்தை ரத்து செய்ய முடியாது. முதலில் சங்கத்தோடு பேச வேண்டும், தேவையான கணக்குகளைக் காட்ட வேண்டும், பிறகு நீதிபதியின் அனுமதி வாங்க வேண்டும். தொழிலாளருக்குப் பாதுகாப்பாக வந்த பிரிவு இது. பின்னாளில் அதே பிரிவு கம்பெனிகளின் கையில் எப்படிப்பட்ட ஆயுதமானது என்பதைப் பிறகு பார்ப்போம்.

1991-இல் ஈஸ்டர்ன் ஏர்லைன்ஸ் மூடப்பட்டது. அதே வருடம் டிசம்பரில் உலகப் புகழ்பெற்ற பான் ஆமும் மூடப்பட்டது. பான் ஆமே போய்விட்டது என்றால் வேறு யாருக்குத்தான் பாதுகாப்பு?

விமானி ஏன் வேறு வேலைக்குப் போக முடியாது?

இங்கே ஒரு விஷயத்தைப் புரிந்துகொண்டால்தான் மீதிக் கதை புரியும். ஒரு கணக்காளர் பத்து வருட அனுபவத்தோடு வேறு கம்பெனிக்குப் போனால் அந்த அனுபவத்துக்கு விலை உண்டு. முன்பைவிடக் கூடுதல் சம்பளமே கேட்கலாம்.

அமெரிக்க விமானிகளின் நிலை அப்படி இல்லை. அங்கே எல்லாமே பணிமூப்புப் பட்டியல்தான். கம்பெனியில் சேர்ந்த தேதியை வைத்து ஒரு எண் தரப்படும். எந்த விமானம் ஓட்டலாம், கேப்டனா துணை விமானியா, எந்த ஊரில் வேலை, தீபாவளி மாதிரி அவர்களுக்கு இருக்கும் கிறிஸ்துமஸுக்கு வீட்டில் இருக்கலாமா என்பது வரை அந்த எண்தான் முடிவு செய்யும். அந்த எண் அந்தக் கம்பெனிக்குள் மட்டுமே செல்லும். இருபது வருடம் பெரிய போயிங் ஓட்டிய கேப்டன் வேறு கம்பெனிக்குப் போனால், நேற்றுச் சேர்ந்த இளைஞருக்குப் பின்னால் கடைசி எண்ணில் நிற்க வேண்டும், ஆரம்பச் சம்பளத்தில்.

ஆட்குறைப்பு வந்தால் கடைசியாகச் சேர்ந்தவர்தான் முதலில் வெளியே போவார். இதற்கு "ஃபர்லோ" என்று பெயர். சம்பளம் கிடையாது, ஆனால் நிலைமை சரியானால் பழைய எண்ணோடு திரும்பக் கூப்பிடுவார்கள். எப்போது என்பது மட்டும் யாருக்கும் தெரியாது.

ஆக ஒரு விமானிக்குக் கம்பெனி மூழ்கினால் தானும் மூழ்க வேண்டியதுதான். பக்கத்துக் கப்பலுக்குத் தாவினால் அங்கே அடித்தட்டில்தான் இடம். அப்படியானால் கம்பெனியைக் காப்பாற்றுவதுதானே புத்திசாலித்தனம்? யுனைடெட் விமானிகள் அப்படித்தான் நினைத்தார்கள்.

1994: தொழிலாளிகளே முதலாளிகள்

1985-இல் யுனைடெட் விமானிகள் 29 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அதற்குப் பிறகு, கம்பெனியை நாமே வாங்கிவிட்டால் என்ன என்ற யோசனை சங்கத்துக்குள் வேரூன்றியது. 1989-இல் விமானிகளும் நிர்வாகமும் சேர்ந்து சுமார் 675 கோடி டாலருக்குக் கம்பெனியை வாங்கப் பார்த்தார்கள். வங்கிகளிடம் பணம் திரட்ட முடியவில்லை. அக்டோபர் 13, வெள்ளிக்கிழமை இந்தச் செய்தி வந்ததும் அமெரிக்கப் பங்குச் சந்தையின் டவ் ஜோன்ஸ் குறியீடு 190 புள்ளி சரிந்தது.

1994 ஜூலையில் அந்த ஆசை நிறைவேறியது. பல வருடங்களுக்குச் சுமார் 490 கோடி டாலர் மதிப்புள்ள சம்பளத்தையும் சலுகைகளையும் விட்டுக்கொடுத்து, அதற்குப் பதிலாக ஊழியர்கள் கம்பெனியின் 55 சதவீதப் பங்கைப் பெற்றார்கள். விமானிகள், மெக்கானிக்குகள், அலுவலக ஊழியர்கள் சேர்ந்தார்கள். விமானப் பணிப்பெண்களின் சங்கம் மட்டும் சேரவில்லை. விமானிகள் சங்கத்துக்கும் மெக்கானிக்குகள் சங்கத்துக்கும் இயக்குநர் குழுவில் இடம் கிடைத்தது. ஊழியர்களே பெரும்பான்மைப் பங்கு வைத்திருக்கும் உலகின் பெரிய கம்பெனிகளில் ஒன்றாக யுனைடெட் ஆனது.

ஆரம்பத்தில் எல்லாம் நன்றாகவே போயிற்று. எண்ணெய் மலிவு, பொருளாதாரமும் நல்ல வளர்ச்சி. 1997 வாக்கில் பங்கு 100 டாலரைத் தொட்டது. காகிதத்தில் பல விமானிகள் செல்வந்தர்கள்!

காகிதத்தில் மட்டும்தான். ஏனென்றால் அந்தப் பங்குகளை வேலையில் இருக்கும்வரை விற்க முடியாது. வணிகவியல் முதலாம் ஆண்டிலேயே சொல்லித்தரும் பாடம் ஒன்று உண்டு, முதலீட்டைப் பரவலாக்கு என்று. இந்த விமானிகளின் மாதச் சம்பளம் யுனைடெட்டிலிருந்து வந்தது. சேமிப்பு யுனைடெட்டின் பங்கில் இருந்தது. ஓய்வூதியம் யுனைடெட் தருவதாகச் சொன்ன வாக்கில் இருந்தது. பணிமூப்பு எண்ணும் யுனைடெட்டில் மட்டுமே செல்லும். ஒரு மனிதரின் முழு வாழ்க்கையும் ஒரே கம்பெனியின் இருப்புநிலைக் குறிப்பில் ஏறிவிட்டது.

2000: ஒரு கோடைகாலச் சண்டை

விட்டுக்கொடுத்த சம்பளத்தைத் திரும்பப் பெறும் நேரம் 2000-இல் வந்தது. பழைய ஒப்பந்தம் ஏப்ரலில் முடிந்தது, புதிய ஒப்பந்தம் வரவில்லை. இதற்கிடையே மே மாதம் யுஎஸ் ஏர்வேஸ் கம்பெனியை வாங்கப்போவதாக நிர்வாகம் அறிவித்தது. அந்தக் கம்பெனியின் விமானிகள் பட்டியலில் புகுந்தால் தங்கள் எண் என்ன ஆகும் என்று யுனைடெட் விமானிகள் கொதித்தார்கள்.

வேலைநிறுத்தம் செய்யவில்லை. கூடுதல் நேரம் பறக்க மாட்டோம் என்று மட்டும் சொன்னார்கள். அது போதுமானதாக இருந்தது. அந்தக் கோடையில் ஆயிரக்கணக்கான விமானங்கள் ரத்தாயின. பயணிகள் நிலையங்களிலேயே படுத்துக் கிடந்தார்கள். கடைசியில் நிர்வாகம் 20 சதவீதத்துக்கும் மேற்பட்ட உடனடிச் சம்பள உயர்வுக்கு ஒப்புக்கொண்டது.

இதில் வேடிக்கை என்னவென்றால், கேட்டவர்களும் முதலாளிகள், கொடுத்ததும் அவர்கள் பணம். சம்பளமாக வாங்கினால் கையில் காசு. பங்காக வைத்திருந்தால் விற்க முடியாத காகிதம். இரண்டில் எதை ஒரு குடும்பஸ்தர் தேர்ந்தெடுப்பார்? விமானிகளை மட்டும் குறை சொல்வது எளிது. ஆனால் அந்தப் பங்குத் திட்டத்தை வடிவமைத்த விதத்திலேயே இந்தச் சிக்கல் இருந்தது.

2001 - 2003: வானம் இடிந்தது

2001 செப்டம்பர் 11 அன்று கடத்தப்பட்ட நான்கு விமானங்களில் இரண்டு யுனைடெட்டுடையவை. அதற்குப் பிறகு மக்கள் விமானம் ஏறவே பயந்தார்கள். அந்த வருடம் யுனைடெட்டுக்கு நட்டம் சுமார் 210 கோடி டாலர். அடுத்த வருடம் 320 கோடி. 2,000-க்கும் மேற்பட்ட விமானிகள் ஃபர்லோவில் அனுப்பப்பட்டார்கள்.

அரசாங்கம் விமானத் தொழிலுக்கு 500 கோடி டாலர் ரொக்கமும், 1,000 கோடி டாலர் வரை கடன் உத்தரவாதமும் தருவதாகச் சட்டம் போட்டது. அதில் 180 கோடி டாலர் கடனுக்கு உத்தரவாதம் கேட்டு யுனைடெட் விண்ணப்பித்தது. 2002 டிசம்பர் 4 அன்று அரசு வாரியம் முடியாது என்றது. டிசம்பர் 9 அன்று யுனைடெட் திவால் சட்டத்தின் 11-ஆம் அத்தியாயத்தின் கீழ் மனு போட்டது. 2008-இல் மீண்டும் கிளம்பி வந்தது இந்தச் செய்திதான்.

11-ஆம் அத்தியாயம் என்றால் கடையை மூடுவது என்று அர்த்தம் இல்லை. கடன்காரர்களைக் கொஞ்ச நாள் வாசலிலேயே நிறுத்திவிட்டு, நீதிமன்ற மேற்பார்வையில் கம்பெனியைச் சீரமைப்பது. விமானங்கள் வழக்கம்போல் பறக்கும், டிக்கெட் விற்பனை நடக்கும். ஆனால் 100 டாலருக்குப் போன பங்கு ஒரு டாலர் அளவுக்கு வந்துவிட்டது. 2006-இல் திவாலிலிருந்து வெளியே வந்தபோது பழைய பங்குகள் முழுவதும் ரத்து செய்யப்பட்டன. 490 கோடி டாலர் விட்டுக்கொடுத்து வாங்கிய முதலாளித்துவத்தின் மதிப்பு பூஜ்யம்.

எரிபொருளை வெட்ட முடியாது, சம்பளத்தை வெட்டலாம்

விமான கம்பெனியின் செலவில் பெரியவை இரண்டு: எரிபொருள், ஊழியர். 2000-களின் தொடக்கத்தில் எரிபொருள் மொத்தச் செலவில் பத்தில் ஒரு பங்கைவிடச் சற்றே அதிகம்தான். 2008-இல் அது மூன்றில் ஒரு பங்கை எட்டிவிட்டது. 2002-இல் பீப்பாய் 25 டாலர் அளவில் இருந்த கச்சா எண்ணெய் 2004-இல் 40-ஐத் தாண்டியது, 2005-இல் 60-ஐத் தாண்டியது.

எரிபொருள் விலை ஏறினால் கம்பெனி என்ன செய்யலாம்? கட்டணத்தை உயர்த்தலாம். ஆனால் பக்கத்துக் கம்பெனி உயர்த்தவில்லை என்றால் பயணி அங்கே போய்விடுவார். விற்காத இருக்கை, மாலைக்குள் விற்காத பூ மாதிரி. விமானம் கிளம்பிவிட்டால் அதற்கு மதிப்பே இல்லை. அதனால் நட்டத்துக்காவது விற்றுத் தொலைப்பார்கள்.

இன்னொரு வழி உண்டு. விலையை முன்கூட்டியே பேசி முடித்துக்கொள்வது, அதாவது ஹெட்ஜிங். ஒரு கல்யாணச் சமையல்காரர் ஆறு மாதம் கழித்து வரும் முகூர்த்தத்துக்கு இன்றைய விலையிலேயே எண்ணெய்க்கு ஒப்பந்தம் போட்டுக்கொள்வது போல. சவுத்வெஸ்ட் ஏர்லைன்ஸ் இதில் கில்லாடி. 2005-இல் தன் தேவையில் சுமார் 85 சதவீதத்துக்குப் பீப்பாய் 26 டாலர் விலையை முன்பே உறுதி செய்து வைத்திருந்தது. ஆனால் இதற்குக் கையில் பணமும் சந்தையில் நல்ல பெயரும் வேண்டும். திவாலில் கிடப்பவனை நம்பி யார் நீண்டகால ஒப்பந்தம் போடுவார்கள்? யாருக்குப் பாதுகாப்பு அதிகம் தேவையோ அவர்களுக்குத்தான் அது கிடைக்கவில்லை.

எண்ணெய் விலை உலகச் சந்தை கையில். கட்டணம் போட்டியாளர் கையில். விமான வாடகையைக்கூட ஓரளவுக்குத்தான் குறைக்க முடியும். கம்பெனியால் உறுதியாகக் குறைக்க முடிந்த பெரிய செலவு ஒன்றே ஒன்றுதான், சம்பளம். அதற்குக் கருவி 1113-ஆவது பிரிவு. "நீங்களாகச் சம்மதியுங்கள், இல்லாவிட்டால் நீதிபதியிடம் ஒப்பந்தத்தையே ரத்து செய்யக் கேட்போம்" என்ற நிலையில் நடப்பதைப் பேச்சுவார்த்தை என்று எப்படிச் சொல்வது?

2003-இல் யுனைடெட் விமானிகள் 30 சதவீதச் சம்பளக் குறைப்புக்குச் சம்மதித்தார்கள். எண்ணெய் ஏறிக்கொண்டே போனது. 2005 தொடக்கத்தில் இன்னொரு 11.8 சதவீதம் குறைக்கப்பட்டது. 100 ரூபாய் சம்பளம் முதலில் 70 ஆகி, பிறகு 62-க்கும் கீழே வந்தால் எப்படியோ அப்படி.

2005: ஓய்வூதியமும் போனது

2004 கோடையில் அரசு வாரியம் கடன் உத்தரவாதத்தை மறுபடியும் மறுத்தது. அதற்குப் பிறகு யுனைடெட் ஓய்வூதிய நிதிக்குக் கட்ட வேண்டிய தவணைகளை நிறுத்தியது. 2005 மே 10 அன்று சிகாகோ திவால் நீதிமன்றத்தில் நீதிபதி யூஜீன் வெடாஃப், நான்கு ஓய்வூதியத் திட்டங்களையும் கைகழுவிவிடக் கம்பெனிக்கு வழி திறந்துவிட்டார். சுமார் 1,20,000 ஊழியர்களும் ஓய்வு பெற்றவர்களும் அந்தத் திட்டங்களில் இருந்தார்கள். கொடுப்பதாகச் சொன்னதற்கும் நிதியில் இருந்ததற்கும் இடைவெளி 980 கோடி டாலர். அதுவரை அமெரிக்கா கண்ட மிகப் பெரிய ஓய்வூதியத் தோல்வி அது.

இப்படிப்பட்ட நேரத்துக்கென்று 1974-இல் உருவாக்கப்பட்ட அரசு காப்பீட்டுக் கழகம் ஒன்று உண்டு. 1963-இல் ஸ்டூட்பேக்கர் கார் தொழிற்சாலை மூடப்பட்டு ஆயிரக்கணக்கான தொழிலாளிகள் ஓய்வூதியத்தை இழந்ததன் நினைவில் வந்த சட்டத்தின் விளைவு அது. 980 கோடியில் சுமார் 660 கோடியை அது ஏற்றுக்கொண்டது. மிச்சம் 320 கோடி டாலர் ஊழியர்களின் தலையில் விழுந்தது.

விமானிகளுக்கு இதில் ஒரு தனிக் கொடுமை இருந்தது. காப்பீட்டுக் கழகம் தரும் உத்தரவாதத்துக்கு உச்சவரம்பு உண்டு. 2005 கணக்குப்படி 65 வயதில் ஓய்வு பெறுபவருக்கு ஆண்டுக்கு அதிகபட்சம் 45,614 டாலர். அதற்கு முன் ஓய்வு பெற்றால் குறையும். 60 வயது என்றால் 29,649 டாலர்தான். ஆனால் அமெரிக்க விமானப் போக்குவரத்து விதிப்படி பெரிய கம்பெனி விமானிகள் 60 வயதில் கட்டாயம் ஓய்வு பெற்றாக வேண்டும்! 60-க்கு மேல் ஓட்டக்கூடாது என்று சொன்னது அரசாங்கம். 60-இலேயே ஓய்வு பெற்றுவிட்டாய், அதனால் குறைத்துத் தருவேன் என்று சொன்னதும் அரசாங்கம். ஆண்டுக்கு ஒரு லட்சம் டாலருக்கு மேல் எதிர்பார்த்திருந்த மூத்த கேப்டன்கள் இருந்தார்கள். திட்டத்தில் மிச்சமிருந்த சொத்தைப் பொறுத்துச் சிலருக்கு வரம்பைவிடக் கூடுதலாகக் கிடைத்தது என்பதையும் சொல்ல வேண்டும். இருந்தாலும் இழப்பு இழப்புதான். 60 என்ற வயது வரம்பு 2007 டிசம்பரில்தான் 65 ஆனது.

எதிர்ப்புத் தெரிவிக்காமல் இருக்க விமானிகள் சங்கத்துக்கு 55 கோடி டாலர் மதிப்புள்ள கடன் பத்திரங்கள் தரப்பட்டன. 2006 பிப்ரவரி 1 அன்று யுனைடெட் திவாலிலிருந்து வெளியே வந்தது. அப்போது சுமார் 400 உயர் நிர்வாகிகளுக்குப் புதிய பங்குகளில் 8 சதவீதம் ஒதுக்கப்பட்டது. தலைமை நிர்வாகி கிளென் டில்டனுக்கு, முந்தைய கம்பெனியில் இழந்த ஓய்வூதியத்துக்கு ஈடாகத் தனி அறக்கட்டளையில் போட்டு வைத்திருந்த 45 லட்சம் டாலருக்கு எந்தச் சேதமும் இல்லை. இவை எல்லாம் சட்டப்படிதான் நடந்தன. சட்டப்படி நடந்ததுதான் ஊழியர்களை அதிகமாகப் புண்படுத்தியது.

2008: 147 டாலர்

இவ்வளவுக்குப் பிறகும் கெட்ட காலம் முடியவில்லை. 2008 தொடக்கத்தில் எண்ணெய் 100 டாலரைத் தொட்டது. ஹவாயில் 1946 முதல் பறந்துகொண்டிருந்த அலோஹா ஏர்லைன்ஸ் மார்ச் 31 அன்று பயணிகள் சேவையை நிறுத்தியது. அதே வாரத்தில் ஏடிஏ, ஸ்கைபஸ் இரண்டும் போயின. ஏப்ரலிலேயே ஃபிரான்டியர் திவால் மனு போட்டது. ஜூலை 11 அன்று பீப்பாய் 147 டாலரைத் தொட்டது.

யுனைடெட் ஜூன் மாதமே முடிவெடுத்துவிட்டது. எரிபொருளை அதிகம் குடிக்கும் பழைய போயிங் 737 விமானங்கள் 94, கூடவே ஆறு 747 விமானங்கள், ஆக 100 விமானங்களை நிறுத்துவது. 460 விமானங்கள் இருந்த கம்பெனியில் 100! மலிவுக் கட்டணப் போட்டிக்காக 2004-இல் தொடங்கிய "டெட்" என்ற பிரிவும் மூடப்பட்டது. விமானம் இல்லை என்றால் விமானி எதற்கு? முதலில் 950 விமானிகள் என்றார்கள். கடைசியில் 1,400-க்கும் மேற்பட்டோர் ஃபர்லோவில் போனார்கள். அவர்களில் பலர் 2001-க்குப் பிறகு ஒரு முறை அனுப்பப்பட்டு, சில வருடம் காத்திருந்து திரும்பி வந்தவர்கள். அதே கடிதம் இரண்டாம் தடவை.

வேலை தப்பியவர்களும் தப்பவில்லை. கேப்டனாக இருந்தவர் துணை விமானியாக இறங்கினார். பெரிய விமானம் ஓட்டியவர் சிறிய விமானத்துக்கு வந்தார்.

அப்புறம் என்ன ஆயிற்று? டிசம்பரில் எண்ணெய் 35 டாலருக்கும் கீழே விழுந்தது. ஐந்தே மாதத்தில்! உச்சத்தில் இருந்தபோது பயந்துபோய் விலையை முன்கூட்டி உறுதி செய்த கம்பெனிகள் இப்போது அதனாலேயே நட்டப்பட்டன. அதில் யுனைடெட்டும் ஒன்று. அந்த வருட நட்டம் சுமார் 530 கோடி டாலர். எண்ணெய் விலை இறங்கிவிட்டது. வெட்டிய சம்பளமோ, ஓய்வூதியமோ, வேலையோ அதனுடன் திரும்பி வரவில்லை. விலை ஏறும்போது விமானி பங்கு கொடுக்க வேண்டும், இறங்கும்போது அவருக்குப் பங்கு இல்லை. இந்தக் கதையின் சாரமே இதுதான்.

இது யுனைடெட்டின் கதை மட்டுமும் அல்ல. 2009 ஜனவரியில் நியூயார்க்கின் ஹட்சன் ஆற்றில் விமானத்தை இறக்கி 155 பேரையும் காப்பாற்றிய கேப்டன் செஸ்லி சல்லன்பெர்கர் யுஎஸ் ஏர்வேஸைச் சேர்ந்தவர். அடுத்த மாதம் அமெரிக்க நாடாளுமன்றக் குழுவின் முன் சாட்சி சொன்னபோது, தன் சம்பளம் 40 சதவீதம் வெட்டப்பட்டதையும் ஓய்வூதியம் போய்விட்டதையும் சொன்னார். அனுபவமுள்ளவர்கள் இந்தத் தொழிலை விட்டுப் போனால் பயணிகளின் பாதுகாப்புக்கே ஆபத்து என்று எச்சரித்தார். நாடே கொண்டாடிய ஒரு மனிதர் அதைச் சொன்னதால்தான் பலர் காது கொடுத்தார்கள்.

பிறகு

2010 அக்டோபரில் யுனைடெட்டும் காண்டினென்டலும் இணைந்தன. ஆம், லொரென்ஸோ 1983-இல் திவாலாக்கிய அதே காண்டினென்டல். இரண்டு கம்பெனி விமானிகளின் பணிமூப்புப் பட்டியலை ஒன்றாக்குவது 2013 செப்டம்பரில்தான், நடுவர்கள் தீர்ப்பு சொல்லி முடிந்தது. டெல்டா நார்த்வெஸ்ட்டையும், அமெரிக்கன் யுஎஸ் ஏர்வேஸையும் சேர்த்துக்கொண்டன. போட்டி குறைந்தது. எண்ணெய் ஏறினால் கட்டணத்தை ஏற்றும் தைரியம் கம்பெனிகளுக்கு வந்தது. பெட்டிக்குத் தனிக் கட்டணம் வாங்கும் வழக்கமும் 2008-இன் எண்ணெய் நெருக்கடியில்தான் பெரிய கம்பெனிகளிடம் பரவியது, விலை இறங்கிய பிறகும் அது போகவில்லை.

2020-இல் கொரோனா வந்தபோது யுனைடெட் 2,850 விமானிகளை அனுப்பப்போவதாகச் சொன்னது. இம்முறை சங்கம் வேறு வழி கண்டது. எல்லோரும் கொஞ்சம் கொஞ்சம் பறக்கும் நேரத்தைக் குறைத்துக்கொண்டு, யாரையும் அனுப்பாமல் பார்த்துக்கொண்டார்கள். 2022-இல் உக்ரைன் போரால் எண்ணெய் மறுபடி 100 டாலரைத் தாண்டியது. ஆனால் அப்போது விமானிகளுக்குப் பஞ்சம். அதனால் அமெரிக்காவின் பெரிய கம்பெனிகளில் யாரும் விமானிகள் மேல் கை வைக்கவில்லை. 2023 செப்டம்பரில் யுனைடெட் விமானிகள் நான்கு வருடத்தில் 40 சதவீதம் வரை சம்பள உயர்வு தரும் ஒப்பந்தத்தை ஏற்றார்கள்.

அப்படியானால் விமானியின் வேலையைத் தீர்மானிப்பது எண்ணெய் விலையா? பாதிதான் உண்மை. 2008-இலும் 2022-இலும் எண்ணெய் 100 டாலருக்கு மேல். முதலாவதில் 1,400 பேர் வீட்டுக்குப் போனார்கள், இரண்டாவதில் ஆள் தேடி அலைந்தார்கள். விலை ஏறும்போது அந்தப் பாரத்தைப் பயணி மேல் ஏற்ற முடிந்தால் ஏற்றுவார்கள். முடியாவிட்டால், யார் எழுந்து போக முடியாத இடத்தில் உட்கார்ந்திருக்கிறாரோ அவர் மேல் ஏற்றுவார்கள். 2005-இல் அந்த இடத்தில் உட்கார்ந்திருந்தவர் விமானி.

1994-இல் பங்கு வாங்கிய விமானிகள் முட்டாள்கள் அல்ல. கம்பெனி நன்றாக இருந்தால்தான் தாங்கள் நன்றாக இருப்போம் என்ற அவர்கள் கணக்கு சரி. பங்கு இருந்தால் கம்பெனி தங்கள் பேச்சைக் கேட்கும் என்று நினைத்ததும் நியாயம். அவர்கள் வாங்கியது கம்பெனியின் பங்கை. எண்ணெய் சந்தையையும், போட்டியாளரின் கட்டணத்தையும், திவால் நீதிமன்றத்தையும் யாரும் அவர்களுக்கு விற்கவில்லை. அந்த மூன்றும் சேர்ந்து முடிவெடுத்த நாளில் முதலாளியும் தொழிலாளியும் ஒரே ஆளாக இருந்ததால், இரண்டு நட்டமும் ஒரே வீட்டுக்கு வந்து சேர்ந்தன.